தாரபோத்தோவில் ஒன்பது மாதம்

ஹெராயினோ ஃபென்டனிலோ எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் சிகிச்சைக்கு வந்தால், அவருக்குக் கொடுக்க எங்களிடம் மருந்து இருக்கிறது. மெத்தடோன் இருக்கிறது, புப்ரெனார்ஃபின் இருக்கிறது. அளவு சரியாக அமைந்துவிட்டால் உடல் நடுக்கம் குறையும், வயிற்றுப் பிடிப்பு அடங்கும், ஆள் நிமிர்ந்து உட்கார்ந்து நம் முகத்தைப் பார்த்துப் பேசுவார். கொக்கெயினோ மெத்தாம்பெட்டமைனோ எடுத்துக்கொண்டிருந்தவர் வந்தால் அப்படி ஒன்றும் இல்லை. படுக்கை தருவோம், சாப்பாடு தருவோம், தூங்க விடுவோம். இந்த இரண்டு போதைகளுக்கும் என்று அமெரிக்காவிலோ கனடாவிலோ அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றுவரை ஒன்றுகூடக் கிடையாது.

நான் வான்கூவர் பக்கம் போதை சிகிச்சைப் பிரிவு ஒன்றில் நர்ஸ். மெத் எடுத்தவர்களின் முதல் சில நாட்களைப் பார்த்தால் வெளியாள் யாரும் பயப்பட மாட்டார்கள். வலிப்பு இல்லை, வாந்தி இல்லை. தூங்குகிறார்கள், எழுந்து அசுரப் பசியோடு சாப்பிடுகிறார்கள், மறுபடி தூங்குகிறார்கள். குடும்பத்துக்கு நிம்மதி வந்துவிடும். கஷ்டம் அதற்குப் பிறகுதான். பல வாரங்களுக்கு எதிலுமே ருசி இருக்காது. பிடித்த பாட்டு வெறும் சத்தமாகக் கேட்கும், பெற்ற பிள்ளை வந்து மடியில் உட்கார்ந்தாலும் உள்ளே ஒன்றும் அசையாது. இன்பத்தையும் ஆர்வத்தையும் தூண்டும் மூளையின் டோபமைன் ஏற்பாடு தேறி வரும்வரை உலகம் சாம்பல் பூசின மாதிரிதான் இருக்கும். அந்த நேரத்தில் மனம் திரும்பத் திரும்ப ஒரே பொருளைத்தான் கேட்கும். பெரும்பாலானவர்கள் மறுபடி விழுவது இந்தக் காலத்தில்தான்.

மருந்தே தேடவில்லை என்று சொல்ல முடியாது. நிறையத் தேடியிருக்கிறார்கள். 2021இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் மெத் அடிமைகள் 403 பேரில் ஒரு பகுதியினருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நால்ட்ரெக்சோன் ஊசியும் தினமும் புப்ரோபியான் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 13.6 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்தது, ஒப்பிடுவதற்காக மருந்துச் சத்தில்லாத வெற்று மருந்து எடுத்தவர்களில் 2.5 சதவீதம். எங்கள் துறையில் இது நல்ல செய்தியாகக் கொண்டாடப்பட்டது. ஏறக்குறைய எட்டில் ஏழு பேருக்குப் பலன் தராத ஒன்றைக் கொண்டாட வேண்டிய நிலையில் இருக்கிறோம்.

மருந்தில்லாத வழிகளில் மிக உறுதியான ஆதாரம் இருப்பது ஒன்றுக்குத்தான். சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இல்லை என்று வந்தால் ஒரு சின்னப் பரிசு, கடையில் மாற்றிக்கொள்ளும் அட்டை போல ஏதாவது. தொடர்ந்து சுத்தமாக இருந்தால் பரிசின் மதிப்பு ஏறிக்கொண்டே போகும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகள் 2011 முதல் இதைச் செய்கின்றன. "போதைக்காரனுக்குக் காசு கொடுப்பதா?" என்ற முகச்சுளிப்பால் மற்ற இடங்களில் இன்னும் பரவவில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு. வேலை செய்கிற ஒரு வழியை, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக ஒதுக்கிவைக்கிறோம்.

இப்படி ஒரு வெறுமை இருக்கும்போது மக்கள் வேறு கதவுகளைத் தட்டத்தான் செய்வார்கள். அமேசான் காட்டுக் கஷாயமான அயவாஸ்காவைப் பற்றி என்னிடம் கேட்காத குடும்பம் இப்போது குறைவு. எல்லோரும் ஏதோ ஒரு வீடியோ பார்த்திருக்கிறார்கள். பதினைந்து வருட கொக்கெயின் பழக்கம் ஒரே இரவில் விட்டுப்போனது என்று அதில் யாரோ கண்ணீரோடு சொல்லியிருப்பார்.

அந்தக் கஷாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கொக்கெயின், மெத் போன்ற ஊக்கப்போதைகளுக்கு அடிமையானவர்களுக்கு வருடக்கணக்காகச் சிகிச்சை செய்துவரும் இடம் ஒன்று இருக்கிறது. பெரு நாட்டில், ஆண்டிஸ் மலை இறங்கிக் காடாக மாறும் விளிம்பில், சான் மார்ட்டின் பிரதேசத்தில் உள்ள தாரபோத்தோ ஊரில். பெயர் தகிவாசி. கெச்சுவா மொழியில் பாடும் வீடு என்று அர்த்தம். 1992இல் தொடங்கினார்கள். தொடங்கியவர்களில் ஒருவர் ஜாக் மாபீ என்ற பிரெஞ்சு மருத்துவர். 1980களில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மூலம் பெருவுக்கு வந்து, அப்புறம் உள்ளூர் வைத்தியர்களிடம் கற்றுக்கொள்ள உட்கார்ந்தவர். அவரோடு ரோசா ஹியோவே என்ற பெரு நாட்டு மருத்துவரும் இருந்தார்.

அந்த ஊரில் ஏன் என்றால், அங்கேதான் தேவை இருந்தது. பக்கத்தில் ஓடுவது உவாயாகா ஆறு. 1980களில் அந்தப் பள்ளத்தாக்கின் மேல்பகுதி உலகின் மிகப்பெரிய கோகா விளைநிலங்களில் ஒன்று. கோகா இலையை ஆண்டிஸ் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மென்று வருகிறார்கள். மலை ஏறும் களைப்புக்கும் பசிக்கும் அது துணை, சடங்குகளில் படையல். அதே இலையை மண்ணெண்ணெயிலும் அமிலத்திலும் ஊறவைத்துப் பிழிந்தால் கொக்கெயின் தயாரிப்பின் நடுவில் ஒரு பசை கிடைக்கும். வெளிநாட்டுக்குப் போகும் வெள்ளைத் தூளுக்கு முந்தைய கட்டம் அது. விலை மலிவு. உள்ளூர் இளைஞர்கள் அதைக் காயவைத்துச் சிகரெட்டில் சேர்த்துப் புகைக்க ஆரம்பித்தார்கள். போதை சில நிமிடம்தான் நிற்கும். இறங்கும்போது தாங்க முடியாத பதற்றம் பிடித்துக்கொள்ளும், அதனால் உடனே அடுத்தது. 1970களிலேயே லிமாவில் ரவூல் ஹெரி போன்ற மருத்துவர்கள் இதைத் தனி நோயாகப் பதிவுசெய்தார்கள். எதற்கும் அடங்கவில்லை. 1980களில் பெருவில் இந்தப் பசைக்கு அடிமையானவர்களுக்கு மூளையில் அறுவை சிகிச்சை செய்து பார்க்கிற அளவுக்குப் போனார்கள். அந்தக் கைவிரிப்பைத் தெரிந்துகொண்டால்தான், படித்த மருத்துவர் ஒருவர் காட்டு வைத்தியரிடம் போய் உட்கார்ந்தது விசித்திரமாகத் தெரியாது.

தகிவாசியில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீடியோக்களில் இது வருவதே இல்லை.

சிகிச்சை ஏறக்குறைய ஒன்பது மாதம். வந்ததும் யாரும் அயவாஸ்காவை நீட்டுவதில்லை. முதலில் வருபவை வாந்தி மருந்துகள். யவார் பங்கா என்ற கொடியின் இலைச்சாறு, புகையிலைச் சாறு, இன்னும் சில செடிகள். குடித்துவிட்டு லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்க வேண்டும். மணிக்கணக்காக வாந்தி எடுப்பார்கள். கொடூரமாகத் தெரியலாம். உடலில் இருக்கும் விஷத்தையும் அதன் மேலுள்ள வெறியையும் இது இறக்குகிறது என்பது அங்குள்ள வைத்தியர்களின் நம்பிக்கை. உடம்பிலிருந்து கொக்கெயினை வெளியேற்ற வாந்தி தேவையில்லை, அதைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்ளும். ஆனால் போதை ஏக்கம் உச்சத்தில் இருக்கும் முதல் நாட்களில், உடலே வேறு ஒரு பெரிய வேலையில் மாட்டிக்கொள்வதும், பக்கத்தில் ஒருவர் பாடிக்கொண்டே உட்கார்ந்திருப்பதும் சும்மா இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எங்கள் வார்டில் அந்த நாட்களில் நோயாளி பெரும்பாலும் சுவரைப் பார்த்தபடி தனியாகக் கிடக்கிறார்.

அதற்குப் பிறகு வீட்டோடு சேர்த்துக்கொள்வார்கள். சமைக்க வேண்டும், கூட்ட வேண்டும், தோட்ட வேலை செய்ய வேண்டும். உளவியல் ஆலோசகரோடு தொடர்ந்து உட்கார வேண்டும். மூலிகை, உளச்சிகிச்சை, கூட்டு வாழ்க்கை ஆகிய மூன்று கால்களில் நிற்கிறது தங்கள் முறை என்று அவர்களே சொல்கிறார்கள். இதற்கு நடுவில்தான் இரவு நேரத்து அயவாஸ்கா அமர்வுகள் வருகின்றன. இருட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, வைத்தியர் இலைக்கொத்தைத் தட்டியபடி இக்காரோ என்னும் பாடல்களைப் பாடுவார். நோயாளி என்ன அனுபவிக்கிறார் என்பதைப் பார்த்து, பாட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் மாற்றுவதும் அவர் வேலை. மறுநாள் அது பேசப்படும்.

அப்புறம் பத்தியம். சில மாதங்களுக்கு ஒருமுறை காட்டுக்குள் ஒரு குடிசையில் ஒரு வாரம் போலத் தனியாக இருக்க வேண்டும். உப்பில்லாச் சோறு, வாழைக்காய், ஏதாவது ஒரு செடியின் சாறு. சர்க்கரை கிடையாது. வெளியே வந்த பிறகும் கொஞ்ச காலத்துக்குப் பன்றிக்கறி, மிளகாய், உடலுறவு எதுவும் கூடாது. சித்த வைத்தியத்தில் உப்பில்லாப் பத்தியமும் இச்சாபத்தியமும் இருந்தவர்களை வீட்டில் பார்த்து வளர்ந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. மருந்து பாதி, பத்தியம் பாதி என்று நம் வைத்தியர்களும்தான் சொல்வார்கள். ஐரோப்பாவிலிருந்து போகிறவர்களுக்குத்தான் இது புரியாமல், பத்தியத்தைச் சடங்கு அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள்.

கஷாயத்தின் வேதியியலும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் அதில் இருக்கிறது. இரண்டு செடிகளைச் சேர்த்து மணிக்கணக்காகக் கொதிக்கவைக்கிறார்கள். ஒன்று பானிஸ்டேரியோப்சிஸ் காபி என்ற கொடியின் தண்டு. அயவாஸ்கா என்ற பெயரே உண்மையில் அந்தக் கொடிக்குத்தான். இன்னொன்று சக்ருனா என்ற புதரின் இலை. இலையில் டிஎம்டி என்ற வேதிப்பொருள் இருக்கிறது, காட்சிகளைத் தருவது பெரும்பாலும் அதுதான். ஆனால் டிஎம்டியைத் தனியாக விழுங்கினால் ஒன்றும் ஆகாது. குடலிலும் கல்லீரலிலும் உள்ள மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி அதை உடைத்துவிடும். கொடியில் இருக்கும் ஹார்மின், ஹார்மலின் ஆகியவை அந்த நொதியைச் சில மணி நேரம் தடுத்துவைக்கின்றன. அந்த இடைவெளியில் டிஎம்டி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகிறது. பல்லாயிரம் செடிகள் உள்ள காட்டில் இந்த இரண்டையும் சேர்க்கக் கண்டுபிடித்தவர்களின் அறிவுக்கு முன்னால் நான் கைகூப்பி நிற்கிறேன்.

ஆபத்தும் அதே நொதியில்தான் இருக்கிறது. மெத்தும் கொக்கெயினும் நரம்பு முனைகளில் டோபமைன், நோர்அட்ரினலின், செரட்டோனின் ஆகிய நரம்புச் செய்தி ரசாயனங்களைக் குவிக்கின்றன. குவிந்ததைச் சுத்தம் செய்யும் ஆட்களில் முக்கியமான ஒன்று அந்த மோனோஅமைன் ஆக்சிடேஸ். மெத் உடம்பில் இருக்கும்போதே இந்தக் கஷாயத்தைக் குடித்தால், குவிக்கிற வேலை நடந்துகொண்டிருக்கும்போது சுத்தம் செய்கிற ஆளைப் பிடித்து நிறுத்திய கதை. ரத்த அழுத்தம் திடீரென்று எகிறலாம், மூளையில் ரத்தக்கசிவு வரலாம், இதயம் நிற்கலாம். இதே நொதியைத் தடுக்கும் பழைய மனச்சோர்வு மாத்திரைகளின் காலத்திலிருந்தே மருத்துவர்களுக்கு இந்த எச்சரிக்கை தெரியும். கொடியின் தடுப்பு அந்த மாத்திரைகளைப் போல நாள்கணக்கில் நிற்காது, சில மணி நேரத்தில் விலகிவிடும் என்பது உண்மை. அந்தச் சில மணி நேரம் போதும்.

மனச்சோர்வு மாத்திரைகளும் இப்படித்தான். எங்களிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் செர்ட்ரலின், ஃப்ளுவாக்செடின் போன்றவற்றை எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவற்றோடு அயவாஸ்கா சேர்ந்தால் செரட்டோனின் அளவு மீறிக் காய்ச்சல், விறைப்பு, நினைவிழப்பு வரை போகலாம். ஃப்ளுவாக்செடினை நிறுத்தினாலும் உடம்பை விட்டு முழுதாகப் போக ஏறத்தாழ ஐந்து வாரம் ஆகும். மெத் அடிமைகளுக்குக் கொஞ்சமாவது பலன் தந்ததாக மேலே சொன்னேனே, அந்த புப்ரோபியானையும் இந்த வகைத் தடுப்பான்களோடு சேர்க்கவே கூடாது. ஒரு வழியில் போய்க்கொண்டிருப்பவர் அப்படியே இன்னொரு வழிக்குத் தாவ முடியாது. மெத் எடுத்து மனப்பிறழ்வு வந்தவர்களும் ஏராளம். குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற நிலைக்கு ஒருமுறை போய்வந்தவருக்கு டிஎம்டி எதைக் கிளப்பிவிடும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஈழத்து அம்மா தொலைபேசியில் கேட்டார்: "பிள்ளை, மகனைப் பெருவுக்கு அனுப்பப் போறன். அந்தக் கசாயம் குடிச்சால் சரிவருமாம். காசு கட்டிட்டம்." ஒரு வாரத் தங்கல், மூன்று இரவு அமர்வு. மகன் என்ன மாத்திரை எடுக்கிறார் என்று நடத்துபவர்கள் கேட்டார்களா என்றேன். படிவத்தில் ஏதோ இருந்ததாம், மகன் "ஒன்றுமில்லை" என்று நிரப்பிவிட்டாராம். அவர் ஃப்ளுவாக்செடினில் இருந்தார். மெத்தை எப்போது கடைசியாக எடுத்தார் என்பதும் அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. நான் அந்த அம்மாவைப் பயமுறுத்தினேன், வேண்டுமென்றேதான். இதய மின்வரைபடம், ரத்த அழுத்தம், மாத்திரையை மருத்துவர் மேற்பார்வையில் குறைப்பது, அதற்கு எத்தனை வாரம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "அப்ப ஒரு கிழமையில முடியாது எண்டுறீங்கள்" என்றார். முடியாது அம்மா என்றேன். பயணம் தள்ளிப்போனது. காசு திரும்பி வரவில்லை.

சரி, ஆபத்தைச் சொல்லியாயிற்று. பலன் உண்டா? உண்டு என்று நம்ப இடமிருக்கிறது, நிரூபிக்கப்படவில்லை. எனக்கு மிக அருகில் நடந்த ஆய்விலிருந்து தொடங்குகிறேன்.

2011இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தென்மேற்கில் கோஸ்ட் சேலிஷ் பூர்வகுடிச் சமூகம் ஒன்றில் நான்கு நாள் முகாம்கள் இரண்டு நடந்தன. முகாமுக்கு இரண்டு அயவாஸ்கா இரவுகள், மற்ற நேரம் குழுவாக உட்கார்ந்து பேசுவது. வழிநடத்தியவர்களில் ஒருவர் கபோர் மத்தே. வான்கூவரின் டவுன்டவுன் ஈஸ்ட்சைடில் போதை நோயாளிகளோடு பல வருடம் வேலை செய்த மருத்துவர். கஷாயச் சடங்கைப் பெரு மரபில் பயின்றவர்கள் நடத்தினார்கள். கலந்துகொண்டவர்களில் 12 பேரை ஆறு மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவுகள் 2013இல் வெளிவந்தன. நம்பிக்கை, வாழ்க்கையில் பிடிப்பு, தன் மனதை விலகி நின்று பார்க்கும் திறன் ஆகியவை கூடியிருந்தன. குடியும் புகையும் குறைந்ததாகச் சொன்னார்கள், கொக்கெயின் பயன்பாடு புள்ளியியல் ரீதியாகப் பொருட்படுத்தத் தக்க அளவில் குறைந்திருந்தது. கஞ்சாவும், ஹெராயின், ஃபென்டனில் வகையான ஓப்பியாய்டும் குறையவில்லை.

பன்னிரண்டே பேர், ஒப்பிட வேறு குழு இல்லை, குறைந்தது என்பது அவர்கள் வாய்ச்சொல். இந்தக் குறைகளை ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் ஓப்பியாய்டு அசையாமல் இருக்க, கொக்கெயின் அசைந்தது என்னை உட்கார்ந்து யோசிக்கவைக்கிறது. எங்களிடம் மருந்து உள்ள நோய்க்கு இது எதுவும் செய்யவில்லை, மருந்தே இல்லாத நோய்க்கு ஏதோ செய்திருக்கிறது. அந்த 2011 கடைசியிலேயே கனடாவின் சுகாதாரத் துறை மத்தேயிடம் அயவாஸ்கா வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டது.

இதற்கு முன்னும் அடையாளங்கள் உண்டு. பிரேசிலில் ஜோசே கப்ரியேல் ட கோஸ்தா என்ற ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளி 1961இல் தொடங்கிய உனியாவ் டோ வெஜெட்டால் என்ற மதக்குழு இந்தக் கஷாயத்தைச் சடங்கில் குடிக்கிறது. 1993இல் சார்ல்ஸ் குரோப், டென்னிஸ் மெக்கென்னா முதலானோர் மனாவுஸ் நகரில் அந்தக் குழுவின் நீண்டநாள் உறுப்பினர்கள் 15 பேரை, குடிக்காத 15 பேரோடு ஒப்பிட்டார்கள். உறுப்பினர்களில் பலர் சேருவதற்கு முன் கடும் குடிகாரர்கள், சிலர் கொக்கெயினும் ஆம்ஃபெட்டமைனும் தொட்டவர்கள். ஆய்வின்போது அந்தப் பழக்கங்கள் இல்லை. ஆனால் இவர்கள் குழுவிலேயே நிலைத்துவிட்டவர்கள். வந்து பிடிக்காமல் போனவர்கள், மறுபடி குடிக்கப் போனவர்கள் அந்தப் பதினைந்தில் இருக்க வழியில்லை. கோயிலா, கூட்டமா, கஷாயமா, எது மாற்றியது என்று பிரிக்கவும் முடியாது.

தகிவாசியிலிருந்தும் இப்போது ஆய்வுகள் வருகின்றன. சிகிச்சையை முடித்தவர்களிடம் போதை ஏக்கமும் நோயின் தீவிரமும் குறைவதைக் காட்டுகின்றன. அங்கும் ஒப்பீட்டுக் குழு இல்லை. பாதியில் கிளம்பிவிடுகிறவர்கள் கணிசம், கடைசி வரை இருப்பவர்கள் முதலிலிருந்தே திடமானவர்களாக இருக்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாபீயின் கத்தோலிக்க நம்பிக்கை அந்த இடத்தின் சடங்குகளிலும் கலந்திருக்கிறது, அதை ஏற்காத மானுடவியலாளர்கள் உண்டு. எனக்கும் அது உறுத்துகிறது. காட்டின் மரபு என்று சொல்லி அதன் மேல் இன்னொரு மதத்தைப் போர்த்த வேண்டாம்.

கட்டுப்பாடான ஆய்வு என்று சொல்லத் தக்கது மனச்சோர்வுக்கு நடந்தது. பிரேசிலின் நட்டால் நகரில் மற்ற மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வு உள்ள 29 பேரில் பாதிப்பேருக்கு அயவாஸ்கா, மீதிப்பேருக்கு வெற்றுத் திரவம். வெற்றுத் திரவத்தையும் கசப்பாக, குமட்டலும் வருகிற மாதிரி செய்திருந்தார்கள். ஏழாம் நாளில் அயவாஸ்கா குடித்தவர்களில் 64 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், மற்றவர்களில் 27 சதவீதம். முடிவுகள் 2019இல் வெளிவந்தன. ஒரே ஒருமுறை குடித்ததற்கு இவ்வளவு.

நான் முதலில் சொன்ன அந்தச் சாம்பல் வாரங்களை இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். மெத்தை விட்டவரைத் திரும்பத் தள்ளுவது எதிலும் ருசியில்லாத அந்த நிலை. சோர்வைச் சில நாட்களாவது தூக்கிப் பிடிக்கிற ஒன்று அந்த நேரத்தில் கிடைத்தால், அந்த நாட்களை வைத்து ஆலோசகர் வேலை செய்யலாம், குடும்பத்தோடு பேசவைக்கலாம், தூக்கத்தைச் சீராக்கலாம். குடித்தவர்கள் சொல்வதும் இதற்குப் பொருந்துகிறது. சின்ன வயதில் நடந்ததைக் கண் முன்னால் பார்த்தேன், அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், என் பிணத்தைப் பார்த்தேன் என்கிறார்கள். பார்சிலோனாவில் ஜோர்டி ரிபாவின் குழு செய்த ஆய்வுகள், குடித்த மறுநாளும் மனிதர்கள் தங்கள் எண்ணங்களை அவற்றில் மூழ்காமல் கவனிக்க முடிவதைக் காட்டின. போதை ஏக்கம் எழும்போது அதை ஏக்கம் என்று கண்டுகொள்ள ஒரு கணம் கிடைத்தால் எங்கள் நோயாளிகளுக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் அந்த வெளிச்சம் மங்கும். அதன் பிறகு என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. தகிவாசியில் மங்கிய பிறகும் அடுத்த நாள் காலையில் அடுப்பு மூட்ட வேண்டும், எதிரே இன்னொரு நோயாளி உட்கார்ந்திருப்பார், அடுத்த அமர்வு வரும், பத்தியம் வரும், எட்டு மாதம் மிச்சமிருக்கும். ஒரு வாரச் சுற்றுலா போனவருக்கு மங்கும்போது விமானம் வான்கூவரில் இறங்கியிருக்கும். பழைய தெரு, பழைய தொலைபேசி எண்கள். உடம்பு பழைய அளவைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கும். இங்கே தெருவில் கிடைக்கிற எதிலும் ஃபென்டனில் கலந்திருக்கலாம். இந்த மாகாணம் 2016 ஏப்ரலில் இதற்காகப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தது. திரும்பி வந்து ஒருமுறை விழுந்தால் அதுவே கடைசியாகிவிடலாம். போதையிலிருந்து மீள்வதில் மறுபடி விழுவது சகஜம் என்று நாங்கள் பாடம் படித்தோம். இப்போது அந்தச் சகஜத்துக்கு இடமில்லை.

பெருவில் மறுபக்கம் இருப்பவர்களையும் நினைக்க வேண்டும். 2008இல் அந்த நாடு அயவாஸ்கா பற்றிய பாரம்பரிய அறிவையும் பயன்பாட்டையும் தேசிய கலாச்சாரச் செல்வமாக அறிவித்தது. அந்த அறிவைத் தாங்கியிருப்பவர்களில் முக்கியமானவர்கள் பெருவின் அமேசான் பூர்வகுடிகளான ஷிபிபோ மக்கள். அவர்களின் மூத்த வைத்தியர்களில் ஒருவர் ஒலிவியா அரேவாலோ. 2018 ஏப்ரலில், 81 வயதில், தன் வீட்டருகே சுட்டுக் கொல்லப்பட்டார். ஊர் மக்கள் சந்தேகப்பட்டது எங்கள் மாகாணத்திலிருந்து போன ஒருவரை. அவரைக் கும்பலாகச் சேர்ந்து கொன்றார்கள். உறவினர் ஒருவரின் அடிமைப் பழக்கத்தைப் பார்த்து, தாவர மருத்துவம் கற்றுப் போதை ஆலோசகராக வேண்டும் என்று சில வருடம் முன்பு இணையத்தில் பணம் திரட்டியவர் அவர். அந்தச் செய்தியைப் படித்த அன்று என்னால் வேலையில் கவனம் வைக்க முடியவில்லை. இதே துறைக்கு வர ஆசைப்பட்ட ஒரு ஆள், குணப்படுத்தப் பிறந்த ஒரு பாட்டி, இரண்டு பேரும் இல்லை. கஷாயத்தைச் சுற்றி ஒரு சந்தை கிளம்பிவிட்டால், காட்டுக்குள் வந்து குவிகிற பணமும் நோயும் எதிர்பார்ப்பும் அந்த ஊர்கள் மேல்தான் இறங்குகின்றன. சடங்கின் இருட்டில் பெண்களிடம் அத்துமீறியவர்களைப் பற்றிய புகார்களும் குறைவில்லை.

இத்தனைக்குப் பிறகும் இதை ஆராய வேண்டும் என்றுதான் சொல்கிறேன், சத்தமாகவே சொல்கிறேன். கனடாவில் 2017இல் அயவாஸ்காவைச் சடங்கில் குடிக்கச் சில மதக்குழுக்களுக்குச் சட்ட விலக்கு கிடைத்தது. 2022இல் சிறப்பு அனுமதித் திட்டத்தின் கீழ் கடும் நோயாளிகளுக்கு, மாயக்காட்சி தரும் காளானிலுள்ள சைலோசைபினும் எக்ஸ்டசி எனப்படும் எம்டிஎம்ஏவும் கேட்டு மருத்துவர்கள் விண்ணப்பிக்க வழி திறந்தது. அதாவது சட்டம் அசையாத கல் இல்லை. கடவுளை வணங்க ஒருவர் இதைக் குடிக்கலாம் என்று ஒப்புக்கொண்ட அரசு, மெத்தில் பற்கள் போய், குழந்தைகளை இழந்து, நான்காவது முறையாக எங்கள் கதவுக்கு வருகிற பெண்ணுக்காக ஒரு ஆய்வை ஏன் நடத்தக் கூடாது?

நடத்தினால் எப்படி என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. காட்டிலிருந்து மூலக்கூறை எடுத்து மாத்திரையாக்கி, ஆறு மணி நேரம் படுக்கையில் வைத்துவிட்டு அனுப்புகிற ஆய்வு ஒன்று எப்படியும் வரும், வரட்டும். அதோடு நின்றுவிடக் கூடாது. ஊக்கப்போதையை விட்டுச் சில வாரம் ஆனவர்கள், இதயமும் மாத்திரைப் பட்டியலும் சோதிக்கப்பட்டவர்கள், மனப்பிறழ்வு வரலாறு இல்லாதவர்கள் என்று தேர்ந்தெடுத்து, இரண்டு குழுவுக்கும் தங்குமிடமும் கூட்டு வாழ்க்கையும் ஆலோசனையும் பரிசோதனைப் பரிசுகளும் ஒரே மாதிரி கொடுத்து, ஒரு குழுவுக்கு மட்டும் கஷாயமும் வைத்தியரின் பாடலும் சேர்க்க வேண்டும். வைத்தியர்கள் சம்பளத்துக்கு வந்த பாடகர்களாக இல்லாமல், ஆய்வைத் திட்டமிடுபவர்களாக இருக்க வேண்டும், பலன் வந்தால் பங்கும் அவர்களுக்குப் போக வேண்டும். ஆறு மாதம் கழித்து வாய்ச்சொல்லைக் கேட்காமல் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும். பாதியில் போனவர்களையும் தேடிப்பிடித்துக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அப்படிச் செய்தால் கஷாயம் எவ்வளவு, ஒன்பது மாதம் எவ்வளவு என்று தெரியவரும். கஷாயம் இல்லாத குழுவும் பாதி தேறிவிட்டது என்று முடிவு வந்தாலும் நான் சந்தோஷப்படுவேன். எங்கள் பிரிவில் ஊக்கப்போதை நோயாளிக்கு இப்போது நாங்கள் ஒதுக்குவது நாள்கணக்கில்தான். அதை மாதக்கணக்காக மாற்ற நிதித்துறையிடம் காட்டுவதற்கு எங்களுக்கு ஒரு காகிதம் தேவைப்படுகிறது.